இடப்பக்கத்து இருக்கை

ஒரு கார் சட்டப்படி எப்படிச் சாகிறது என்று எனக்குத் தெரியும். போக்குவரத்து அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாக நுழைந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தவன் நான். பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும். வரி பாக்கி இல்லை, வழக்கு இல்லை, வங்கிக் கடன் இல்லை என்பதற்குத் தனித்தனிக் காகிதங்கள் வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்து, ‘நிரந்தரமாகப் பயன்பாட்டுக்கு உதவாதது’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மனிதர் சாவதற்கு இத்தனை தேவையில்லை. காலையில் பல் துலக்கிவிட்டு வந்து, தாடை வலிக்கிறது என்று சொன்னால் போதும்.

என் மனைவி அப்படித்தான் சொன்னாள். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அவளுடைய கார் அதன் பிறகும் அவள் பெயரிலேயே இருந்தது. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். படிவம் முப்பத்தொன்று. தாமதமாக வந்த பெண்களையும் பிள்ளைகளையும் மேசைக்கு மறுபுறம் நிறுத்தி, “மூணு மாசம்னு போர்டுல எழுதியிருக்கே, படிக்கலியா?” என்று கேட்டவன் நான். என் வீட்டு மேசை இழுப்பறையில் அந்தப் படிவம் நிரப்பப்படாமல் கிடந்தது. இறந்த தேதிக்கு அதில் இடம் விட்டிருப்பார்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்பதில்லை. அந்த வகையில் அது கருணையுள்ள படிவம்தான்.

சந்தன நிறத்தில் சின்னக் கார். எண்ணூறு சிசி எஞ்சின். நான்கு பேர் உட்கார்ந்துவிட்டால் ஒரு பை வைக்க யோசிக்க வேண்டும். போளூரில் ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். ஆரணியிலிருந்து தினமும் அதில்தான் போய் வந்தாள். நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, என்னைவிட நன்றாக ஓட்டினாள். ஊருக்கெல்லாம் உரிமம் எழுதிக் கொடுத்த நான் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மாட்டேன்.

“நீங்க ஓட்டிகினு போனா பின்னாடி மாட்டு வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான்” என்பாள்.

“மாட்டு வண்டிக்கு ஹாரன் கிடையாது.”

“உங்களுக்கோசரம் வாங்கி மாட்டுவான்.”

அவள் போன பிறகு அந்தக் கார் வாசலில் இருக்கும் தகரக் கொட்டகையில் நின்றது. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டு அணைப்பேன். வெளியே எடுக்க மாட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். ஓய்வு நாட்களில் மற்றவர்கள் கோயிலுக்கோ சினிமாவுக்கோ போவார்கள். இவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கும் பந்தயத் தடத்துக்குப் போய், யாருடைய வண்டியையாவது வாடகைக்கு எடுத்து வட்டமடிப்பாள். போன ஆடி மாதத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னாள்.

“அம்மா வண்டிய எனக்குக் குடுங்கப்பா. ரேஸ் வண்டியா கட்டப் போறேன்.”

“அதுவா? ஏசி போட்டா மேம்பாலம் ஏறாது அது.”

“அதான் ஏசிய கழட்டிடுவேன். சீட்டு, கார்ப்பெட், மேல் துணி, கதவு அட்டை எல்லாத்தையும் கழட்டிடுவேன். வெறும் கூடும் எஞ்சினும் இருக்கும். உள்ள கம்பிக் கூண்டு வெல்டிங் பண்ணி, ஓட்டுறவங்களுக்கு ஒரு சீட்டு. அப்ப ஓடும் பாருங்க.”

“ஊர்ல வேற பழைய வண்டியே இல்லியா?”

“இருக்கு. ஆனா இதானேப்பா அம்மாவ முப்பத்தஞ்சு நிமிஷத்துல வேலூருக்கு இட்டுகினு போன வண்டி.”

நான் தண்ணீர் குடித்தேன்.

அந்தக் கதையை மகள் சாவு வீட்டிலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள். ஐம்பதைத் தாண்டாத அப்பா, ஆரணியிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் முப்பத்தைந்து நிமிடத்தில் போனார். அந்தச் சாலையையும் அந்தக் காரையும் அறிந்தவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். பந்தயத் தடத்தில் இருக்கும் அவள் நண்பர்களுக்கும் நான் முப்பத்தைந்து நிமிட அப்பாதான். வண்டிக்கு எண்ணும் முடிவு செய்துவிட்டதாகச் சொல்லி, போனில் வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். அம்மாவின் கார், கதவில் வெள்ளை வட்டம், அதற்குள் 35.

அந்த முப்பத்தைந்து நிமிடம் உண்மை. அதற்கு முன்னால் ஒரு நாற்பது நிமிடம் இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் தெரு ஒரு முனை மூடிய தெரு. மூடிய முனையில் கடைசி வீடு எங்களுடையது. மற்றவை பெரும்பாலும் தறி வீடுகள். வாரத்தில் ஓரிரு நாள் விடிந்ததும் தெருவில் பாவு நீட்டுவார்கள். மூன்று புடவைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு, இடுப்புயரக் கட்டைகள் மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, நீவிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் உலர்த்திச் சுருட்ட வேண்டும். கஞ்சி ஈரமாக இருக்கும்போது தளர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று புடவையும் பாழ். அதனால் பாவு நிற்கும்போது தெருவில் வண்டி ஓடாது. பால்காரர் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, கேனோடு குனிந்து வருவார். பொது வழியை அனுமதியில்லாமல் மறிப்பது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் குற்றம் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் அந்தத் தெருவில் குடியிருந்து ஒருநாளும் அதை வாயால் சொன்னதில்லை. எழுதி வைத்த விதிகளுக்கெல்லாம் விலக்குக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்தே தலை நரைத்தவன், எழுதாத இந்த ஒரு விதிக்கு விலக்குக் கேட்கலாம் என்பதை உரிய நேரத்தில் நினைக்கவில்லை.

அன்று தை மாதக் குளிர். அவளுக்கு வேர்த்தது. தாடை, அப்புறம் முதுகு. வாய்வு என்றாள். ஓம வாட்டர் குடித்தாள். வேலூருக்குப் போய்க் காட்டிவிடலாம் என்று நான் சொன்னதும் மறுக்காமல் புடவை மாற்றிக்கொண்டாள். அவள் மறுக்காததிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஓம வாட்டர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, வழக்கமாக நான் உட்காரும் இடப்பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நான் காரை வாசலுக்கு வெளியே எடுத்தேன். எதிரே பாவு. அப்போதுதான் கஞ்சி தெளித்திருந்தார்கள். எதிர் வீட்டு நெசவாளியும் அவர் மனைவியும் அக்கம்பக்கத்தார் மூன்று பேரும் இரண்டு பக்கமும் நின்று நீவிக்கொண்டிருந்தார்கள்.

“தூக்கிப் புடிக்கச் சொல்றேன்” என்று கதவைத் திறந்தேன்.

“வேணாங்க. இப்பதான் கஞ்சி போட்டுகினு இருக்காங்க. முடிச்சிடட்டும்.”

“தெருமுனை வரைக்கும் நடக்கிறியா? ஆட்டோ புடிக்கலாம்.”

“எல்லார் முன்னாடியும் குனிஞ்சிகினு போவணுமா? இன்னா ஏதுன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. வாய்வுதாங்க. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பெட்ரோல் வீணாகக் கூடாதென்று எஞ்சினைக்கூட அணைத்தேன். எதிர் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

“டீச்சரம்மா, அரை மணி. சுருட்டிடறோம்.”

அவள் கையைத் தூக்கிச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் பாட்டில் கை நழுவி இருக்கைக்கு அடியில் கொட்டியது. நான் துடைக்கக் குனிந்தபோது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பாதி நேரத்துக்கு மேல் அவளுடைய பேச்சு குறைந்தது. அப்போதாவது இறங்கியிருக்க வேண்டும். முக்கால்வாசி உலர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் என்று கணக்குப் போட்டேன். வரிசையில் நிற்பவனின் கணக்கு அது. இவ்வளவு நேரம் நின்றாயிற்று, இனி விலகக் கூடாது. அந்தக் கணக்கை நம்பித்தான் எங்கள் அலுவலகமே நடந்தது.

பாவு சுருண்டது. தெருவை விட்டு வெளியே வந்ததும் மகளுக்குப் போன் செய்து, கிளம்பிவிட்டோம் என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி செய்தேன். இரண்டுக்கும் நடுவில் முப்பத்தைந்து நிமிடம். கண்ணமங்கலம் தாண்டியபோது அவள் என் கையைத் தேடினாள். கியர் மாற்ற வேண்டியிருந்ததால் கையை விலக்கிக்கொண்டேன். உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு டாக்டர் வெளியே வந்து, “அரை மணி முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்” என்றார். எல்லோரிடமும் சொல்கிற வாக்கியமாக இருக்கலாம். எங்கள் அலுவலகத்திலும் அப்படிச் சில வாக்கியங்கள் இருந்தன. கேட்கிறவன் அதை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான் என்று நாங்கள் யோசித்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு எதிர் வீட்டுக்காரர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

“சார், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கத்திரிக்கோல் எடுத்து அறுத்திருப்பேனே சார். மூணு பொடவதானே சார்.”

அவர் அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, பாவு நீட்டுகிற நாளெல்லாம் விடிகாலையில் என் வாசலுக்கு வந்துவிடுவார். “சார், பாவு போடலாமா? வூட்ல எல்லாரும் நல்லா கீறீங்களா?” வீட்டில் எல்லாரும் என்பது நான் ஒருவன்தான். நல்லா இருக்கேன், போடுங்க என்பேன். பிறகுதான் கட்டைகளை எடுப்பார்.

மகள் காரைக் கேட்டதும் எனக்குக் கைவந்த ஆயுதத்தை எடுத்தேன். முதலில் பெயர் மாற்ற வேண்டும், பிறகு பதிவை ரத்து செய்ய வேண்டும், அதுவரை ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது என்றேன். எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். முறைப்படி போனால் இவ்வளவுதான் என்று சொல்ல முடியாது என்றேன்.

“ரிட்டையர் ஆகியும் ஃபைல வெச்சிகினு உக்காந்திருக்கீங்கப்பா” என்றவள், இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து, தானே நிரப்பி என் முன்னால் வைத்தாள். தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தை மட்டும் எனக்கு விட்டிருந்தாள். ‘விதி தெரியாமை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என்னிடம் வேலை கற்றவர் ஒருவர் அலுவலகத்தில் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினார்.

பதிவை ரத்து செய்யவும் என்னை எழுதிக் கொடுக்க வைத்துவிட்டு, உத்தரவுக்குக் காத்திராமல் புரட்டாசியில் பிரிக்கத் தொடங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கொட்டகையில் வேலை. எனக்குக் குமாஸ்தா வேலை கொடுத்தாள். கழற்றிய திருகாணிகளைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று சீட்டெழுதி ஒட்ட வேண்டும். இதைவிடப் பொருத்தமான ஓய்வுக்கால வேலை எனக்கு அமையாது.

முதலில் பின் இருக்கை வந்தது. அடியில் சாக்பீஸ் துண்டுகள், சிவப்புப் பேனா மூடி, ஊக்குகள், ஒரு கோணமானி. மகள் கோணமானியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் கதவு அட்டைகளும் மேல் துணியும். அதற்கடுத்த வாரம் கார்ப்பெட். கார்ப்பெட்டுக்கு அடியில் சத்தத்தை அடக்குவதற்காகத் தார்ப் பட்டைகள் ஒட்டியிருப்பார்கள் என்பது அத்தனை வருடம் கார்களின் காகிதங்களைப் பார்த்தவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. சூடான காற்றை ஊதி இளக்கி, பட்டிக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். பழைய பேப்பர் கடையிலிருந்து தராசு வாங்கி வந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் நிறுத்தாள். எதிர் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வந்து கொட்டகை வாசலில் குந்தி வேடிக்கை பார்ப்பார்.

“இன்னாம்மா இது? நாங்க கிராம் கிராமா ஏத்திப் பொடவையாக்குறோம். நீ கிலோ கிலோவா எறக்கிக் காராக்குற.”

“எடை எறங்கினாத்தாண்ணா ஓடும்.”

“அப்ப உங்கப்பாவ ஏத்தாத.”

“அவர ஏத்தினா வண்டி எங்க ஓடும்? சிக்னலே இல்லாத எடத்துல நிப்பாரு.”

“அப்பிடிச் சொல்லாத. டீச்சரம்மாவ இட்டுகினு போனாரே...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். டீ ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து போய்விட்டார். டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

முன் இருக்கைகளுக்கு வந்தபோது ஓட்டுநர் இருக்கையைக் கழற்றினாள். இடப்பக்கத்துக்குக் கையை நீட்டியதும், “அது கடைசில இருக்கட்டும். நான் உக்காந்து சீட்டெழுத எடம் வேணும்” என்றேன். வயதானவனின் முதுகுவலி என்று விட்டுவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், உள்ளே இருந்ததெல்லாம் போய்த் தகரம் தகரமாகத் தெரிந்த அந்தக் காரில், மிச்சமிருந்த ஒரே இருக்கையில் உட்கார்ந்து சீட்டெழுதினேன். இன்று சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு வாரமும் முடிவு செய்வேன். டாஷ்போர்டு போனது. கண்ணாடிகள் போயின. அவள் சாயங்காலம் கைகளைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த வாரம் பாக்கலாம்பா” என்று பஸ் ஏறுவாள். சொல்லாமல் இருப்பதற்கு எந்த முறையும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நான் அதைப் பிசகில்லாமல் செய்தேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தே இருந்தது. அந்த 35 கதவில் ஏறிவிடும். என் பொய்யை ஓட்டிக்கொண்டு என் மகள் பந்தயத்துக்குப் போவாள்.

மார்கழியில் கடைசி ஞாயிறு வந்தது. சென்னையில் கூண்டு வெல்டிங் செய்யும் பட்டறைக்கு வண்டியின் கூட்டை ஏற்றிப் போக, காலை எட்டு மணிக்கு ரெக்கவரி வண்டி சொல்லியிருந்தாள். விடிகாலையில் எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

“சார், பாவு போடலாமா? வூட்ல எல்லாரும் நல்லா கீறீங்களா?”

எட்டு மணிக்கு வண்டி வருகிறது என்றேன். அதற்குள் சுருட்டிவிடுவேன் என்றார். மகள் பல் துலக்கிக்கொண்டே உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்ப பாத்தாலும் உங்ககிட்ட வந்து பர்மிஷன் கேக்குறாரே, நீங்க இன்னா தாசில்தாரா?”

“சும்மா, பழக்கம்.”

அன்று பனி விலகவில்லை. எட்டு மணிக்கு ரெக்கவரி வண்டி தெருமுனையில் வந்து நின்றபோது கஞ்சி ஈரமாகவே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். எதிர் வீட்டம்மா பாவை நீவிக்கொண்டே கத்தினார்.

“இன்னாத்துக்கு அடிச்சிகினு கீற? பாவு நிக்கிறது கண்ணுல படலியா? எறங்கி டீ குடி போ.”

“எவ்ளோ நேரம் ஆவும்ணா?” என்று மகள் கேட்டாள்.

“முக்கா மணி ஆவும்மா. பனி பேஜார் பண்ணுது.”

“சரி, அதுக்குள்ள அந்த சீட்ட எடுத்துடறேன்.”

நான் எழுந்துகொண்டேன். இருக்கையைப் பிடித்திருப்பவை நான்கு போல்ட்டுகள். மூன்று வந்துவிட்டன. நான்காவது அசையவில்லை. அவள் குப்புறப் படுத்து, போன் வெளிச்சத்தில் பார்த்தாள்.

“வண்டி முழுக்க நல்லாருக்கு. இங்க மட்டும் ஏம்பா இவ்ளோ துரு?”

“ஓம வாட்டர் கொட்டினது. துடைக்கல.”

“எப்ப?”

“அன்னிக்கித்தான்.”

“நீங்க ஓட்டின வேகத்துல கொட்டிடுச்சா?”

அதற்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். முப்பத்தைந்து நிமிடத்துக்குக் கூடுதலாக ஒரு சான்றும் கிடைத்துவிடும்.

“இல்ல. நின்னுகினு இருந்தப்போ கொட்டிச்சு.”

“எங்க நின்னீங்க?”

நான் வாசலைக் காட்டினேன். கேட்டுக்கு வெளியே, பாவு தொடங்குகிற இடத்துக்கு நாலடி முன்னால்.

சொன்னேன். தாடை வலியிலிருந்து, அணைத்த எஞ்சின் வரை, கை தேடியது வரை. நாற்பது நிமிடம் என்றும் சொன்னேன். அலுவலகத்தில் அறிக்கை படிப்பது போல் வரிசையாகச் சொல்லிவிட்டேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் படுத்த நிலையிலேயே கேட்டாள். ஸ்பேனர் பிடித்த கை அப்படியே இருந்தது.

“அண்ணாகிட்ட கேக்கவே இல்லியா?”

“இல்ல.”

“கேட்டிருந்தா?”

“அறுத்திருப்பேன்னு சொன்னாரு.”

“எப்ப சொன்னாரு?”

“காரியத்தன்னிக்கி.”

“அப்போ அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

அம்மாதான் வேண்டாம் என்றாள் என்பதை ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இன்னொரு முறை சொல்ல வாய் வரவில்லை. அவள் ஒரு இரும்புக் குழாயை எடுத்து ஸ்பேனரின் முனையில் செருகி, காலால் மிதித்தாள். போல்ட்டின் தலை முறிந்தது. இருக்கையை வெளியே இழுத்தாள். நிறுக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே, நான் காட்டிய இடத்தில் தரையில் வைத்து, அதில் உட்கார்ந்தாள். தெருவைப் பார்த்து, பாவைப் பார்த்து.

எதிர் வீட்டுக்காரர் நீவுவதை நிறுத்தினார். அவள் முகத்தில் என்ன பார்த்தாரோ, குரல் மாறியிருந்தது.

“ஜல்தியா போவணுமாம்மா? சொல்லு. எல்லாரும் தூக்கிப் புடிக்கறோம், வண்டி அடியில வரட்டும். கெட்டா கெட்டுப் போவுது.”

“வேணாண்ணா. முடிச்சிடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டையைப் பார்த்தேன். அவள் அம்மா சொன்ன வார்த்தை அது என்று இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். தெரிந்து சொன்னாளா, வாயில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். நாற்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். காருக்குள் உட்கார்ந்திருந்தபோது அது சீக்கிரம் போய்விட்டது. வெளியே நின்றபோது போகவில்லை.

பாவைச் சுருட்டிய கையோடு நெசவாளிகளே வந்து காரைத் தெருமுனை வரைக்கும் தள்ளினார்கள். பூ மாதிரி கீது என்றார் ஒருவர். அவள் உள்ளே இருக்கையில்லாத இடத்தில் முட்டிபோட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஏற்றிக் கட்டியதும் ரெக்கவரி வண்டியிலேயே முன்னால் ஏறிக்கொண்டாள்.

“அந்த சீட்ட எடைக்குப் போட்டுடாதீங்க” என்றாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. போனும் இல்லை. ‘சாப்டீங்களா’ என்று மட்டும் செய்தி வரும். சாப்பிட்டேன் என்று பதில் போடுவேன். தையில் அம்மாவுக்குத் திதி கொடுத்தபோது வந்து, வடை சுட்டு, பரிமாறி, சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். வண்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பதிவை ரத்து செய்த உத்தரவு தபாலில் வந்தது. நிரந்தரமாகப் பயன்பாட்டுக்கு உதவாதது. அதை உரிய கோப்பில் வைத்தேன்.

மாசியில் ஒரு மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. கூண்டு போட்ட கார், அதே சந்தன நிறம், உள்ளே ஒற்றை இருக்கை, தடத்தின் ஓரத்தில் நிற்கிறது. கதவில் வெள்ளை வட்டம். அதற்குள் 75.

முதலில் எண்ணை மாற்றிவிட்டாள் என்று மட்டுமே நினைத்தேன். பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். கணக்கு டீச்சர் மகள். படத்தோடு ஒரு வார்த்தையும் இல்லை. மன்னிப்பா தீர்ப்பா என்று கேட்டு எழுத முடியாது. மேல்முறையீடு எங்கே செய்வது என்று எப்போதும் அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ‘எப்படி ஓடுது?’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. ‘ஓடுது.’

சாயங்காலம் எதிர் வீட்டுக்காரரிடம் படத்தைக் காட்டினேன். போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“நம்ம டீச்சரம்மா வண்டியா இது? அது இன்னா சார் எழுபத்தஞ்சு? முப்பத்தஞ்சு போடப் போறேன்னுச்சே.”

“அவகிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கி நின்ன நாப்பது நிமிஷத்த.”

அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. படம் இருட்டானதும் விரலால் தொட்டு மறுபடி வரவழைத்தார். மறுபடி இருட்டானது.

“இன்னா சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லல. அதத்தான் கதவுல எழுதியிருக்கா.”

போனை என் கையில் வைத்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார்.

“நாளைக்குப் பாவு கீது சார். வண்டி எதுனா வெளிய எடுப்பீங்களா?”

“வண்டிதான் இல்லியே.”

அவர் தகரக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே இடப்பக்கத்து இருக்கை மட்டும் சுவர் ஓரமாகக் கிடந்தது.

“ஆமால்ல” என்றார். தெருவில் பாதி தூரம் போனவர் நின்று, “இருந்தாலும் காலைல வந்து கேட்டுட்டே போடறேன் சார்” என்றார்.